உலகம் என்றால் வனம்

கதை உலகில் சிறுகதைக்கு ஒரு மரியாதை உண்டு. நாவலுக்கும் ஒரு மரியாதை உண்டு. சிறுகதையைப் பத்திரிகைக்காரர்கள் வரவேற்பார்கள். நாவலைப் புத்தகப் பிரசுரகர்த்தர்கள் வரவேற்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே பிறந்த குறுநாவலின் பாடுதான் திண்டாட்டம். மூத்த பிள்ளைக்குப் புதுச் சட்டையும் கடைக்குட்டிக்குச் செல்லமும் கிடைத்துவிட, நடுவில் பிறந்த பிள்ளை வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்குமே, அதுபோலத்தான் குறுநாவலும் நிற்கும். பத்திரிகையில் போடலாமென்றால் இடம் போதாது. தனி நூலாகப் போடலாமென்றால் பக்கம் போதாது.

ஆயினும், சொல்லவேண்டிய விஷயத்தைச் சுருக்காமலும் வளர்த்தாமலும் சொல்லி முடிப்பதற்கு இந்த அளவைப்போல் உகந்தது வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். மாலையில் விளக்கேற்றிய பிறகு தொடங்கினால் படுக்கப் போவதற்குள் முடித்துவிடலாம். முடித்தபின் தூக்கம் வருமா, வராதா என்பது கதையைப் பொறுத்தது. அவ்வாறு தூக்கம் வராமற் செய்த ஒரு குறுநாவலைப் பற்றியும், அது அச்சேறிய வரலாற்றைப் பற்றியும் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

அமெரிக்காவில் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுக்கென்று ‘ஹ்யூகோ’ என்றொரு பரிசு வழங்குகிறார்கள். 1926-ம் ஆண்டில் ‘அமேஸிங் ஸ்டோரிஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, இவ்வகைக் கதைகளுக்கென்றே தனி இடம் ஏற்படுத்திக் கொடுத்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. முதற் பரிசுகள் 1953-ல் அளிக்கப்பட்டன. இப்பரிசைத் தீர்மானிப்பவர்கள் பண்டிதர் குழுவினர் அல்லர். ஆண்டுதோறும் கூடும் உலக விஞ்ஞானக் கற்பனை மாநாட்டில் அங்கத்தினராகச் சேர்ந்த வாசகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்ற நடுப்பிள்ளைக்கு, அதாவது குறுநாவலுக்கு, 1968-ம் ஆண்டிலிருந்து இங்கே தனிப் பந்தி போட்டார்கள். 17,500 சொற்களுக்குக் குறையாமலும் 40,000 சொற்களுக்கு மேற்படாமலும் இருந்தால் அது குறுநாவல் என்று கணக்கும் வகுத்தார்கள்.

1973-ல் டொராண்டோ நகரில் கூடிய மாநாட்டில் குறுநாவலுக்கான பரிசைப் பெற்றது ‘தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ என்னும் கதை. தமிழில், ‘உலகத்துக்குச் சொல் வனம்’ எனலாம். எழுதியவர் உர்சுலா கே. லெ குவின் அம்மையார்.

இந்த அம்மையார் 1929-ம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலி நகரில் பிறந்தவர். தந்தையார் ஆல்பிரட் க்ரோபர் மானிடவியலில் பெரும் பெயர் பெற்ற பேராசிரியர். அமெரிக்க ஆதிக்குடிகளின் மொழிகளையும் வழக்கங்களையும் ஆராய்வதில் ஆயுளைக் கழித்தவர். தாயார் தியோடரா க்ரோபர், ‘இஷி’ என்ற ஆதிக்குடி மனிதரின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்றவர். யாஹி என்னும் இனத்தில் எஞ்சிய கடைசி மனிதர் இஷி. அவருடைய இனத்தார் வெள்ளைக் குடியேறிகளால் ஏறக்குறைய அடியோடு அழிக்கப்பட்டபின், 1911-ல் தன்னந்தனியாகக் காட்டிலிருந்து வெளிவந்தார். பல்கலைக்கழகப் பொருட்காட்சிசாலையில் தங்கி, தம் மொழியை க்ரோபர் முதலிய அறிஞர்களுக்குக் கற்பித்தார், 1916-ல் காலமானார். அவர் இறந்து பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் உர்சுலா பிறந்தார். எனினும், ஓர் இனத்தின் கடைசி நாவு பேசி ஓய்ந்ததை அறிந்த குடும்பம் அது. நாம் சொல்லப்போகும் கதையைப் படிக்கும்போது இதை நினைக்காமல் இருப்பது கடினம்.

1960-களில் லெ குவின் அம்மையார் ஆரிகன் மாகாணத்திலுள்ள போர்ட்லாந்து நகரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். முதலில் அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்தும், பிறகு வியத்நாம் போரை எதிர்த்தும் அந்நகரில் நடந்த சாத்விகக் கிளர்ச்சிகளை ஏற்பாடு செய்வதிலும் அவற்றில் கலந்துகொள்வதிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1968-ல் ஓராண்டுக் காலம் லண்டனில் வசிக்க நேர்ந்தது. அங்கே அவருக்குப் பழக்கமான ஊர்வலமும் இல்லை, கூட்டமும் இல்லை. செய்திகள் மாத்திரம் வந்துகொண்டிருந்தன.

அச்செய்திகள் எப்படிப்பட்டவை? வியத்நாமில் பகைவர் ஒளிவதற்கு மரநிழல் இருக்கக்கூடாதென்று அமெரிக்க விமானங்கள் வானத்திலிருந்து இலையுதிர்க்கும் நஞ்சைத் தெளித்தன. 1962 முதல் 1971 வரை 7 கோடி லிட்டருக்கு மேற்பட்ட நஞ்சு, காடுகள் மீதும் வயல்கள் மீதும் பொழியப்பட்டது. போரில் சம்பந்தப்படாத கிராமத்து மக்களும் மடிந்தார்கள். இவ்வளவும் சமாதானத்தின் பெயரால் நடைபெற்றன. ஊர்வலத்தில் நடந்து பழகிய கால்கள் லண்டனில் சும்மா இருந்தன. நெஞ்சிலிருந்த கோபம் கைவழியே காகிதத்தில் இறங்கியது. இது நம் ஊகமன்று. அம்மையாரே பிற்காலத்தில் இந்நூலுக்கு எழுதிய முன்னுரையில் இக்கருத்துப்படக் கூறியிருக்கிறார்.

எழுத்தாளர் உலகமே அப்போது இரண்டுபட்டிருந்தது. 1968-ல் ‘காலக்ஸி’ என்ற கதைப் பத்திரிகையில் இரண்டு விளம்பரங்கள் எதிரெதிரே வெளிவந்தன. வியத்நாமில் அமெரிக்கா தொடர்ந்து போர் புரியவேண்டும் என்ற எழுத்தாளர்களின் பெயர்கள் ஒரு பக்கத்தில். கூடாது என்றவர்களின் பெயர்கள் மறு பக்கத்தில். லெ குவின் அம்மையாரின் பெயர் இரண்டாவது பட்டியலில் இருந்தது.

இனிக் கதைக்கு வருவோம்.

வருங்காலத்தில் ஒரு நாள். பூமியில் மரம் என்பதே அருகிப்போய், அறுத்த பலகை ஒன்று பொன்னினும் மேலாக மதிக்கப்படும் காலம். பல ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வேறொரு கிரகத்துக்குப் பூமியின் மக்கள் கப்பலேறிச் செல்கிறார்கள். கடலும் தீவுகளும், தீவு முழுதும் அடர்ந்த காடும் நிறைந்த உலகம் அது. வந்தவர்கள் அதற்கு ‘நியூ டஹிட்டி’ என்று பெயர் சூட்டுகிறார்கள். பிறகு வெட்டத் தொடங்குகிறார்கள்.

அங்கே ஏற்கனவே குடிகள் இருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றடி உயரம். உடலெங்கும் பச்சை நிற உரோமம். வந்தவர்கள் அவர்களை ‘க்ரீச்சி’ என்ற இழிபெயரிட்டு அழைக்கிறார்கள். மரம் அறுக்கவும் சமையல் செய்யவும் அடிமைகளாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், அரசாங்கக் காகிதங்களில் அடிமை என்று எழுதலாமா? ஆகவே ‘சுயவிருப்பத் தொழிலாளர்’ என்று எழுதுகிறார்கள்! அந்நிய ஆட்சியின் தஸ்தாவேஜுகளைப் பார்த்துப் பழகிய நாட்டாருக்கு இந்த மொழி புதிதல்லவே.

அந்தப் பச்சை மனிதர்களின் மொழியில் அவர்களுடைய உலகத்துக்கு ‘அத்ஷீ’ என்று பெயர். காட்டுக்கும் அதே பெயர்தான். நாம் நம்முடைய கிரகத்தை மண்ணின் பெயரால் பூமி என்கிறோம். நமக்கு உலகம் மண்ணாலானது. அவர்களுக்கு உலகம் மரத்தாலானது. ஆகவே, ஒருவன் கோடரியை எடுத்து அங்கே ஒரு தீவை மொட்டையடித்தால், அவன் வெட்டுவது மரத்தையா, உலகத்தையா என்று கேட்டால் அவர்கள் மொழியில் விடை ஒன்றே.

அவர்களிடம் இன்னொரு விசேஷம் உண்டு. விழித்திருக்கும்போதே கனவு காண்பார்கள். கனவை வேண்டியபடி நடத்தவும் அறிவார்கள். கனவுக்காலம், உலகக்காலம் என்ற இரண்டும் அவர்களுக்குச் சமமான உண்மை. ஆண்கள் கனவு காண்பதில் தேர்ந்தவர்கள்; ஊரை ஆள்பவர்கள் முதிய பெண்கள். மனத்தின் ஆத்திரத்தையெல்லாம் கனவிலேயே சந்தித்துத் தீர்த்துவிடுவதால், அங்கே கொலை என்பது கிடையாது. ஒருவன் மற்றொருவனுடன் சண்டைக்குப் போனாலும், எதிரி மல்லாந்து படுத்துக் கழுத்தைக் காட்டிவிட்டால் அதற்கு மேல் கைவைக்க மாட்டான்.

கதை மூன்று மனிதர்களின் மனத்தின் வழியே மாறிமாறிச் சொல்லப்படுகிறது. முதல்வன் காப்டன் டேவிட்ஸன். தன்னை மகா தேசபக்தனென்றும், காட்டை அடக்கி நாடாக்க வந்த வீரனென்றும் மனமார நம்புகிறவன். இரண்டாமவர் ராஜ் லியூபோவ் என்ற மானிடவியல் அறிஞர். ராஜ் என்பது நமக்குப் பழக்கமான பெயர். லியூபோவ் என்றால் ருஷ்ய மொழியில் அன்பு. அந்த மக்களின் மொழியைக் கற்று, அவர்களைத் தம்மைப்போன்ற மனிதராகப் பார்ப்பவர் அவர் ஒருவரே. மூன்றாமவன் ‘செல்வர்’ என்ற பச்சை மனிதன். லியூபோவுக்கு மொழி கற்பித்த ஆசிரியனும், அவருடைய உயிர் நண்பனும் அவனே.

செல்வரின் மனைவியை டேவிட்ஸன் பலாத்காரம் செய்கிறான், அவள் இறந்துபோகிறாள். செல்வர் அவன்மீது பாய்கிறான். கொல்லப்பட இருந்தவனை லியூபோவ் காப்பாற்றித் தப்பவிடுகிறார். காட்டுக்குள் சென்ற செல்வர் நெடுநாள் கனவு காண்கிறான். பிறகு ஒரு நாள் தன் மக்களுடன் வந்து மரம் வெட்டுவோரின் முகாமொன்றை எரித்து, அங்கிருந்தோரையெல்லாம் கொன்றுவிடுகிறான். அம்மக்களின் சரித்திரத்தில் அதற்கு முன் நடந்திராத செயல் அது.

இந்த இடத்தில் ஆசிரியை ஒரு சொல்லை வைத்திருக்கிறார். கதையின் சாவி அதுதான். ‘ஷாஅப்’ என்பது அச்சொல். அதற்கு அம்மொழியில் இரண்டு பொருள். ஒன்று, தெய்வம், மற்றொன்று, மொழிபெயர்ப்பாளன். கனவில் மாத்திரம் இருந்த ஒன்றை விழிப்புலகின் செயலாகக் கொண்டுவந்து நிறுத்துகிறவனையே அவர்கள் தெய்வம் என்கிறார்கள். செல்வர் தெய்வமானான். ஆனால் அவன் மொழிபெயர்த்துக் கொண்டுவந்தது என்ன? கொலை.

பிறகு நடப்பவை வேகமாக நடக்கின்றன. தூரத்து உலகங்களிலிருந்து வந்த தூதர்கள், நொடியில் செய்தி சொல்லும் ஒரு யந்திரத்தைக் கொடுக்கிறார்கள். அடிமைகளை விடுதலை செய்யும்படி பூமியிலிருந்து கட்டளை வருகிறது. டேவிட்ஸன் அதை மதிக்காமல் காட்டுக் கிராமங்களுக்குத் தீ வைக்கிறான். செல்வர் தன் நண்பர் லியூபோவைச் சந்தித்து, குறிப்பிட்ட இரவில் தலைநகரில் இராதே என்று எச்சரிக்கிறான். லியூபோவ் அதன் பொருளை உணராதவர் அல்லர். எனினும் மேலதிகாரிகளுக்கு அனுப்பும் அறிக்கையில் அதை எழுதவில்லை. நகரைவிட்டுப் போகவும் இல்லை. அந்த இரவில் ஆயிரக்கணக்கான பச்சை மனிதர்கள் நகரின்மீது பாய்கிறார்கள். பூமியிலிருந்து வந்தவர்கள் இங்கே பெருகிவிடக் கூடாது என்பதற்காக, முதலில் பெண்களைத் தேடித்தேடிக் கொல்கிறார்கள். லியூபோவும் மடிகிறார்.

முடிவில், டேவிட்ஸன் பிடிபடுகிறான். உயிர் தப்புவதற்காக அம்மக்களின் வழக்கப்படி மல்லாந்து படுக்கிறான். செல்வர் அவனைக் கொல்லவில்லை. கொல்வது எப்படி என்பதை உன்னிடமிருந்து பெற்றேன். கொல்லாதிருப்பதை என்னிடமிருந்து நீ பெற்றுக்கொள் என்ற கருத்தில் பேசுகிறான். மரமெல்லாம் வெட்டப்பட்டு வெறும் தரையாய்க் கிடக்கும் தீவொன்றில் அவனைத் தனியே விட்டுவிடுகிறார்கள். பூமியின் மக்கள் கப்பலேறுகிறார்கள். வனம் பிழைத்தது; விடுதலை கிடைத்தது.

இந்தக் கதையின் அச்சு வரலாறு கதையைப் போலவே சுவையுள்ளது. 1967-ல் ஹார்லன் எல்லிஸன் என்ற எழுத்தாளர், பிற பத்திரிகைகள் போட அஞ்சும் கதைகளையே திரட்டி ‘டேஞ்சரஸ் விஷன்ஸ்’ என்ற பெருந்தொகுதியை வெளியிட்டார். அது பரபரப்பாக விலைபோயிற்று. அதற்கு அடுத்த தொகுதிக்கு அவர் கதைகள் கோரியபோது, லெ குவின் அம்மையார் இக்குறுநாவலை அனுப்பினார். அப்போது அதற்கு அவர் இட்ட தலைப்பு வேறு. ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று பொருள்படும் தலைப்பு அது. மலிவான வேற்றுக்கிரகக் கதைகளைக் கேலி செய்வதற்கு அமெரிக்காவில் வழங்கும் சொற்றொடரையே வேண்டுமென்று எடுத்து வைத்திருந்தார். எல்லிஸன் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு, இப்போதுள்ள தலைப்பைச் சூட்டினார். அம்மையார் சற்றே முகவாட்டத்துடன்தான் சம்மதித்தாராம்.

பத்திரிகாசிரியர்கள் தலைப்பை மாற்றுவதைப் பற்றி எழுத்தாளர்கள் குறைப்படுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். ஆயினும் இந்த வழக்கில் நமது தீர்ப்பு எல்லிஸன் பக்கமே. பழைய தலைப்பு, அம்மக்களைக் காப்டன் டேவிட்ஸன் பார்க்கும் கண்ணால் பார்க்கிறது: குள்ளம், பச்சை, வேடிக்கை. புதிய தலைப்போ, அவர்களுடைய நாவிலிருந்து பேசுகிறது. முந்தியது கிண்டல், பிந்தியது சாட்சியம். அந்தத் தலைப்பின் சரக்கு முழுவதும் ஆசிரியை எழுதிய கதைக்குள்ளேயே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லிஸன் அதை எடுத்து வாசலில் மாட்டினார், அவ்வளவே.

1968-ல் எழுதிய கதை, 1972-ல்தான் ‘அகெய்ன், டேஞ்சரஸ் விஷன்ஸ்’ என்ற அந்த இரண்டாம் தொகுதியில் வெளிவந்தது. டபுள்டே என்ற நிறுவனத்தார் அதைப் பிரசுரித்தனர். 1973 ஜனவரியில் பாரிஸில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் கதைக்கு ஹ்யூகோ பரிசு கிடைத்தது. 1975 ஏப்ரலில் வியத்நாம் போர் முற்றுப்பெற்றது. 1976-ல்தான் இக்குறுநாவல் தனக்கென்று ஓர் அட்டையுடன் தனி நூலாயிற்று. அதாவது, போரை நிறுத்தும்படி எழுதிய கதை தனிப் புத்தகமாகக் கடைக்கு வருவதற்குள் போரே நின்றுவிட்டது! நடுப்பிள்ளையின் ஜாதகம் இதுதான் போலும்.

ஆனாலும் அதன் அதிர்ஷ்டம் அத்தனை மோசமில்லை. எல்லிஸன் மூன்றாவது தொகுதி ஒன்றையும் 1970-களிலேயே அறிவித்தார். அதற்காகக் கதை கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள். பலர் காலமும் ஆகிவிட்டார்கள். எல்லிஸனும் 2018-ல் மறைந்தார். அத்தொகுதி 2024-ல்தான் வெளிவந்தது. இந்த வரிசையில் பார்த்தால், நான்கு ஆண்டுக் காத்திருப்பு ஒரு காத்திருப்பா?

பரிசுக்குப் போட்டியிட்ட கதைகளில் ஒன்றையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. வியத்நாம் போரில் படைவீரராகச் சென்று காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்ட்மன் என்பவர் எழுதிய ‘ஹீரோ’ என்ற கதை அது. பிற்பாடு அவருடைய புகழ்பெற்ற ‘தி ஃபாரெவர் வார்’ நாவலின் பகுதியாயிற்று. ஒரே போரைப் பற்றி, வீட்டில் இருந்து எதிர்த்த ஒரு பெண்மணியும் களத்தில் நின்று அடிபட்ட ஓர் இளைஞரும் வேற்றுக்கிரகத்தை வைத்தே கதை எழுதினார்கள். இரண்டும் ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெற்றன. நேராகச் சொல்ல முடியாத துயரத்தைத் தூரத்தில் வைத்துச் சொல்வது என்பது நம் புராணக்காரர்கள் நன்கறிந்த முறை அல்லவா?

தனி நூலுக்கு எழுதிய முன்னுரையில் லெ குவின் அம்மையார் தம் கதையைத் தாமே புகழ்ந்துகொள்ளவில்லை. சிடுசிடுத்த எஜமானன் ஒருவன் சொல்லச் சொல்ல எழுதும் குமாஸ்தாவைப் போல இதை எழுதினேன் என்ற கருத்தில் எழுதுகிறார். வனத்தைப் பற்றியும் கனவைப் பற்றியும் எழுதத்தான் தமக்கு ஆசையென்றும், எஜமானனோ அழிவைப் பற்றியே பேசச் சொன்னான் என்றும் கூறுகிறார். பிரசங்க மேடையில் ஏறிவிட்டோமோ என்ற கவலையும் அவருக்கு உண்டு. கலப்பில்லாத தீயவன் ஒருவன் உலகில் இருப்பதாகத் தாம் நம்புவதில்லை, ஆயினும் டேவிட்ஸன் அப்படித்தான் வந்து நின்றுவிட்டான் என்றும் ஒப்புக்கொள்கிறார். பரிசு பெற்றபின் இவ்வாறு தம் படைப்பையே நிறுத்துப் பார்ப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. கதை வெளிவந்தபின், உளநூல் அறிஞர் ஒருவர், மலேசியக் காடுகளில் வாழும் செனோய் என்ற பழங்குடியாரை வைத்தா இந்தக் கனவு மக்களைப் படைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டார். செனோய் மக்களும் கனவைப் போற்றி, பகையின்றி வாழ்பவர்கள் என்று அக்காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அம்மையார் அப்பெயரைக் கேட்டதேயில்லை. பிற்கால ஆராய்ச்சியாளர்கள், செனோய் மக்களைப் பற்றிய அந்தக் கனவுக் கதையில் பெரும்பகுதி மிகையென்று காட்டினார்கள். ஆக, கொல்லாத மனிதரை ஒருவர் கற்பனையில் படைத்தார். மற்றவர்கள் பூமியிலேயே கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்தார்கள். அப்படி ஓர் இனம் எங்கேயாவது இருக்கவேண்டும் என்ற ஏக்கம் மனிதனுக்கு எவ்வளவு!

இந்த நூலை நாம் நம் வீட்டில் நான்கு இரவுகளில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின், தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தோம். செல்வர் என்ற பெயர் வந்ததுமே, “பெயரைப் பார்த்தால் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர் மாதிரி இருக்கிறதே!” என்றாள் நம் இல்லத்தரசி. அது முதல் அந்தப் பச்சை மனிதன் நம் வீட்டில் உறவுக்காரனாகிவிட்டான். முகாம் எரிந்த இரவில், கல்லூரியில் படிக்கும் நம் புதல்வன் கைதட்டாத குறைதான். “அவர்கள் வேறு என்னதான் செய்திருக்க முடியும், அப்பா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. மனுப்போட அவர்களுக்கு நீதிமன்றம் இல்லை. குரல் கேட்க ஆளில்லை.

ஆனால் நகரம் அழிந்த இரவில் இல்லத்தரசி, “அந்தப் பெண்கள் என்னடா செய்தார்கள்?” என்று கேட்டாள். புதல்வன் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த நம் சித்தப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். இளமையில் இராணுவத்தில் இருந்தவர். 1971-ம் ஆண்டுப் போருக்குச் சென்று வந்தவர். அதைப் பற்றி அவர் வாய் திறந்து நாம் கேட்டதில்லை. “சித்தப்பா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டோம். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அந்தச் செல்வர் செய்தது சரியா, தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அப்பா. ஆனால், சண்டை முடிந்துவிட்டது என்று சர்க்காரில் சொல்லுவார்கள். உடம்பு அதைக் கேட்பதில்லை. இன்றைக்கும் தீபாவளியில் ஒரு வெடி வெடித்தால் என் உடம்பு முதலில் தரையில் விழப் பார்க்கிறது. தீபாவளி என்பது அப்புறந்தான் மனசுக்குத் தெரிகிறது. கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மறக்கடிக்கப் பள்ளிக்கூடம் ஏது?” என்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நமக்குத் தெரிந்த மனிதர் அவர். அந்த நாலு வாக்கியத்தை அவரிடமிருந்து பெறுவதற்கு ஒரு வேற்றுக்கிரகத்துக் கதை வேண்டியிருந்தது.

சித்தப்பா கேட்ட கேள்விதான் கதையின் முடிவிலும் நிற்கிறது. தூதர்கள் விடைபெறும்போது, இனி உங்களுக்குள் கொலை இருக்குமா என்று கேட்கிறார்கள். கனவிலிருந்து உலகத்துக்கு வந்துவிட்ட ஒன்றை மறுபடியும் கனவுக்குள் தள்ளிவிட முடியாது என்பதே செல்வர் சொல்லும் பதிலின் கருத்து. கொல்லத் தெரியாதவர்கள்போல் இனிமேல் பாவனை செய்வதில் பயனில்லை. வெற்றிபெற்ற தலைவன், வெற்றிக்குக் கொடுத்த விலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

செல்வர் ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது என்று ஆசிரியை ஓரிடத்திலும் சொல்லவில்லை. எடுத்தது சரி என்றும் சொல்லவில்லை. எடுக்காவிட்டால் வனம் அழிந்திருக்கும். எடுத்ததால் வனத்தின் மக்கள் மாறிப்போனார்கள். இரண்டும் உண்மை. சாத்விகப் போரை உலகத்துக்கே காட்டிய நாடு நம்முடையது. விடுதலை பெற்ற அதே 1947-ம் ஆண்டில், நேற்றுவரை அண்டை வீட்டில் இருந்தவன்மீது கத்தி எடுத்த கொடுமையையும் பார்த்த நாடு. விடுதலையின் கணக்கேட்டில் வரவு மாத்திரம் எழுதமுடியாது என்பதை நமக்கு யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை.

2009-ல் ஜேம்ஸ் காமரூன் என்பவர் எடுத்த ‘அவதார்’ என்ற ஆங்கிலப் படம் உலகெங்கும் பெருவாரியாக ஓடியது. பெயரே நம்முடையது என்பதால் நேயர்கள் பலர் குடும்பத்தோடு பார்த்திருப்பார்கள். காட்டுக் கிரகம், அதன் குடிகள், அதைச் சூறையாட வரும் மனிதர்கள் என்று, இக்கதைக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையைப் பலர் எடுத்துக் காட்டினார்கள். 2017-ல் ‘லைப்ரரி ஆஃப் அமெரிக்கா’ என்னும் நிறுவனத்தார், அமெரிக்க இலக்கியத்தில் நிலைபெற்ற நூல்களை வெளியிடும் தங்கள் வரிசையில் லெ குவின் அம்மையாரின் நாவல்களையும் சேர்த்து, இக்குறுநாவலுக்கும் இடம் கொடுத்தார்கள். அதற்கு எழுதிய முன்னுரையில் அம்மையார், பெயர் சொல்லாமல், பெரும் பணம் செலவிட்டெடுத்த ஒரு வெற்றிப் படத்தைக் குறிப்பிடுகிறார். தம் கதையில் தீராத பிரச்னையாக நிற்கும் வன்முறையை அப்படம் பிரச்னைக்குத் தீர்வாகவே காட்டிவிட்டதால், அதனுடன் தமக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதது மகிழ்ச்சியே என்கிறார். உரிமை கேட்டோ, பணம் கேட்டோ எழுதிய வாசகமன்று அது. தம் கதையின் கேள்வியை ஒருவரும் அவசரப்பட்டு மூடிவிடக்கூடாது என்பதே அவருடைய கவலை. அடுத்த ஆண்டு, 2018 ஜனவரி 22-ந் தேதி, தமது 88-ம் வயதில் அவர் காலமானார்.

ஒரு பருத்த தொகுதியின் நடுவே ஒண்டிக்கொண்டு வந்த கதை, பரிசு பெற்று, தனி நூலாகி, அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்க இலக்கியத்தின் நிலையான நூல்களுள் ஒன்றாகிவிட்டது. எந்தப் போருக்காக எழுதப்பட்டதோ அந்தப் போரின் நாட்கள் இன்று பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. கதை மட்டும் பாடமாகி உறைந்துவிடவில்லை. நம் வீட்டுச் சிறுவர் சிறுமியர்க்கு, பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களானால், தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டாம். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டும்.

செல்வரின் மக்கள் தங்கள் வனத்தைக் காத்துக்கொண்டார்கள். வெட்டவந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கப்பலேறிப் போய்விடுவார்கள். வெட்டுண்ட தீவுகளில்கூடக் காலம் செல்லச்செல்ல மரங்கள் முளைக்கும். ஆயினும், அந்த வனத்தில் முன்பு இல்லாத ஒன்று வந்து குடியேறிவிட்டது. அதை எந்தக் கப்பலிலும் ஏற்றித் திருப்பி அனுப்ப முடியாது.